சேகருக்கு, பெய்ரூட் பேப்பர்களைப் பற்றி

அன்பு சேகர்,

உம்மாவின் கண் ஆபரேஷனுக்கு நீ இரண்டு நாளும் கூடவே நின்றாய் என்று தங்கச்சி சொன்னாள். நன்றி என்று எழுதினால் திட்டுவாய், அதனால் எழுதவில்லை. அபுதாபியில் வெயிலைத் தவிர எல்லாரும் நலம். வேலுச்சாமி சாரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டிவிடாதே. சந்திப்பிழைகளை வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்.

கண்மாயைப் பிளாட் போடுவதைப் பற்றி நீ எழுதிய செய்தியை, பிளாட்காரர்களின் விளம்பரம் போய்விடும் என்று உன் பேப்பரில் கடைசி நேரத்தில் தூக்கிவிட்டார்கள், இனி இந்த வேலையே வேண்டாம் என்று பொருமியிருந்தாய். போகிற போக்கில் எனக்கும் ஒரு குத்து: "உங்க அரபு நாட்டில் பேப்பர் என்றால் மன்னர் படம்தானே!" அந்தக் குத்துக்குத்தான் இவ்வளவு நீளமாகப் பதில்.

எங்கள் ஆபீஸில் கணக்குப் பார்க்கும் லெபனான்காரர் ஒருவர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போகிறார். வீட்டைக் காலி செய்கிறவர், எடைக்குப் போட மனமில்லாமல் ஒரு கட்டுப் பழைய பேப்பரை என்னிடம் காட்டினார். மதரஸாவில் ஓதிய அரபி எனக்கு எழுத்துக்கூட்டத்தான் உதவும், பொருள் எல்லாம் அவர் சொன்னதுதான். மேலே இருந்தது லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் நாளிதழ் அந்நஹார், 2018 அக்டோபர் 11 தேதியிட்டது. முதல் பக்கம் வெள்ளை. புரட்டினேன், அடுத்ததும் வெள்ளை. எட்டுப் பக்கமும் அப்படியே. அச்சகத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். மனிதர் சிரித்தார். அந்த வருஷம் மே மாதம் தேர்தல் முடிந்தும், ஐந்து மாதமாக அரசு அமைக்காமல் கட்சிகள் இழுத்தடித்திருக்கின்றன. இனி எழுத என்ன இருக்கிறது என்று ஆசிரியர் நைலா துவைனி வெற்றுத்தாளையே கடைக்கு அனுப்பிவிட்டார். உங்கள் ஆபீஸில் இதைச் சொல்லிப் பார், விளம்பரப் பிரிவு மயங்கி விழும்.

1933-இல் அந்தப் பேப்பரைத் தொடங்கிய ஜிப்ரான் துவைனிக்கு நைலா கொள்ளுப்பேத்தி. தாத்தா பெயரையே வைத்துக்கொண்ட நைலாவின் அப்பா ஜிப்ரானை 2005 டிசம்பர் 12 அன்று கார் குண்டு வைத்துக் கொன்றார்கள். அதே வருஷம் ஜூனில், அந்நஹாரிலேயே பத்தி எழுதிக்கொண்டிருந்த சமீர் கஸ்ஸீரும் கார் குண்டில்தான் போனார். இருவருமே லெபனான் மீதான சிரியாவின் பிடியை எதிர்த்து எழுதியவர்கள். ஜிப்ரானின் தந்தை கஸ்ஸானுக்கு அப்போது வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அடக்கத்தின்போது, வெறுப்பையும் பழியுணர்ச்சியையும் இவனோடு சேர்த்துப் புதைத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு, பேப்பரின் பொறுப்பை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். எந்த நெஞ்சோ!

இது அங்கே புதிதும் இல்லை. அல் ஹயாத் நாளிதழைத் தொடங்கிய காமில் முருவ்வாவை 1966-இல் அவர் ஆபீஸிலேயே சுட்டார்கள். அல் ஹவாதிஸ் ஆசிரியர் சலீம் அல் லவ்ஸி, உள்நாட்டுப் போரின்போது பத்திரிகையையே லண்டனுக்கு மாற்றிக்கொண்டவர். 1980-இல் தாயின் மரணத்துக்காக ஊருக்கு வந்த இடத்தில் கடத்தினார்கள். உடல் கிடைத்தபோது, எழுதுகிற கையை அமிலம் ஊற்றிச் சிதைத்திருந்தார்கள். இதைச் சொல்லிவிட்டு லெபனான்காரர் தேநீர் போட எழுந்து போய்விட்டார். எனக்கும் அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை.

இதற்குள் நீ எல்லாரையும் தியாகியாக்கி மாலை போட்டிருப்பாய். பொறு, விவகாரமே இனிமேல்தான். அந்தப் பேப்பர்கள் பலவும் விற்பனையை நம்பி ஓடியவை அல்ல. எகிப்தின் நாஸர் பணம், சவூதிப் பணம், இராக் பணம், லிபியப் பணம் என்று ஆளுக்கொரு படியளக்கிறவர். 60-களில் அதிபராக இருந்த ஷார்ல் ஹெலூவே முன்னாள் பத்திரிகைக்காரர்தான். தன்னைப் பார்க்க வந்த உள்ளூர்ப் பத்திரிகையாளர்களை, "உங்கள் இரண்டாவது தாயகமான லெபனானுக்கு நல்வரவு" என்று வரவேற்றதாக ஒரு கதை உண்டு. வேலுச்சாமி சார் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது!

ஆனால் பார், படியளக்கிறவர்கள் பல பேராக இருந்ததுதான் அந்த ஊருக்கு வசதியாகப் போயிற்று. தன் ஆளை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா ஆட்சியையும் ஒவ்வொரு பேப்பரும் கிழிக்கும். நாலு பேப்பர் வாங்கிப் படிக்கிறவனுக்கு எல்லா ஆட்சிகளின் வண்டவாளமும் தெரிந்துவிடும். யோக்கியமான ஏற்பாடு என்று சொல்லமாட்டேன், இருந்தாலும் சுற்றியிருந்த நாடுகளில் அதுகூட இல்லை.

கட்டின் அடியில் அஸ்ஸஃபீர் என்ற இன்னொரு பெய்ரூட் நாளிதழ் இருந்தது. தலால் சல்மான் 1974-இல் தொடங்கியது. ஆரம்பப் பணம் லிபியாவிலிருந்து வந்தது என்பார்கள். பாலஸ்தீனக் கார்ட்டூனிஸ்ட் நாஜி அல் அலி படம் போட்ட பேப்பர் அது. 1980-இல் அதன் அச்சகத்தில் குண்டு வைத்தார்கள். 1982-இல் இஸ்ரேல் பெய்ரூட்டை முற்றுகையிட்டுக் குண்டு பொழிந்தபோதும் பேப்பர் நிற்கவில்லை. "பெய்ரூட் எரிகிறது, வெள்ளைக் கொடி ஏற்றவில்லை" என்று ஒரு நாள் தலைப்பு. 1984-இல் சல்மானையே கொல்லப் பார்த்தார்கள், பிழைத்துக்கொண்டார். இத்தனைக்கும் தாக்குப்பிடித்த பேப்பர் காசில்லாமல் 2016 டிசம்பர் 31-ஓடு நின்றுபோனது. விற்பனையும் விளம்பரமும் படுத்தது ஒரு பக்கம். அது மட்டும் இல்லை. கத்தார் 1996-இல் அல் ஜஸீரா செய்திச் சேனலைத் தொடங்கிவிட்டது, சவூதிப் பணத்தில் 2003-இல் அல் அரபியா சேனல் வந்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே குழாய் போட்டுக்கொண்டவன் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு எதற்குக் காசு கொடுப்பான்? அல் ஜஸீராவின் நிருபர்கள் காஸாவில் உயிரைக் கொடுத்து வேலை செய்கிறார்கள், அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தச் சேனல் கத்தார் அமீரைக் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. முன்பு ஒரே தெருக் கடையில் கிடைத்த எதிரும் புதிருமான பேச்சு, இப்போது ஆளுக்கொரு கோட்டைக்குள் போய்விட்டது.

சரி, உன் கதைக்கு வருகிறேன். எதிர்ப்பேப்பருக்கு அந்தப் பிளாட்காரர்களின் விளம்பரம் வருவதில்லை என்று நீயேதான் முன்பு சொன்னாய். கண்மாய்ச் செய்தியைப் பட்டா நகல்களோடு அங்கே இருக்கும் நம் ஆளிடம் கொடுத்துவிடு. உன் பெயர் வராது, வயிறு எரியும், எரியட்டும். அவர்களுடைய ஓட்டல் விளம்பரத்தைத் தொடும் செய்தி ஏதாவது அவர்களிடம் முடங்கிக் கிடக்கும், அதை நீ வாங்கிப் போடு. ராஜினாமாக் கடிதத்தை அதுவரை பைக்குள்ளேயே வைத்திரு. பி.எஃப். கணக்கில் பெயர் தப்பாக இருக்கிறது என்றாயே, முதலில் அதைத் திருத்து.

காதர்