பிடித்த படம் எது என்பதோடு எந்தப் பிரதி என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த படம், பாட்டு, புத்தகம் பற்றி எழுதிவரும் பகுதியை ஆர்வத்தோடு படித்துவருகிறேன். ரசனை ஆளுக்கு ஆள் மாறும், அதில் வழக்கு இல்லை. ஆனால் ஒருவர் உருகிப் பாராட்டிய பழைய படத்தை இன்னொருவர் தேடிப் பார்த்துவிட்டு ‘இதில் அப்படி என்ன இருக்கிறது’ என்று எழுதும்போது, பல சமயம் இருவரும் பார்த்தது ஒரே படம் அல்ல. முன்னவர் பார்த்தது தியேட்டரில் ஓடிய முழுப்படம். பின்னவருக்குக் கிடைத்தது வெட்டியும் இழுத்தும் வேகம் கூட்டியும் வைத்த ஒரு பிரதி. எந்தப் பிரதியைப் பார்த்தார்கள் என்பதையும் ஒரு வரி எழுதச் சொன்னால் இந்தக் குழப்பம் பாதி தீரும்.

படம் முழுசா என்று வீட்டிலேயே சரிபார்க்கலாம். தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் படத்தை நிறுத்திப் படியுங்கள். ஃபிலிமில் எடுத்த படங்களுக்கு நீளம் மீட்டரிலோ அடியிலோ இருக்கும். 35 மி.மீ. ஃபிலிம் நொடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படக்கட்டம்) ஓடும்போது நிமிடத்துக்கு 90 அடி, அதாவது ஏறத்தாழ 27.4 மீட்டர் நகர்கிறது. சான்றிதழில் 4,500 மீட்டர் என்று இருந்தால் படம் 164 நிமிடம் ஓட வேண்டும். கையில் இருப்பது 140 நிமிடம்தான் என்றால் எங்கோ கத்தரி விழுந்திருக்கிறது. பெரும்பாலும் போவது பாட்டும் காமெடி டிராக்கும். பாட்டை வெட்டும்போது அதற்கு முன்னால் வரும் நாலு வசனமும் சேர்ந்து போய்விடும். அடுத்த காட்சியில் பாத்திரங்கள் காரணமில்லாமல் மனம் மாறி நிற்பார்கள். பழி கதாசிரியர் மேல் விழும்.

ஆனால் 157 நிமிடம் என்று வந்தால் அது வெட்டாக இருக்க வேண்டியதில்லை. தொலைக்காட்சிக்கும் விசிடிக்கும் மாற்றிய பல பிரதிகளில் 24 ஃபிரேமை 25 ஆக ஓட்டியிருப்பார்கள். நேரம் 4 சதவீதம் குறையும், சுருதியும் கூடவே ஏறும். அரை ஸ்வரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒரு கட்டைச் சுருதியில் பாடிய பாட்டு, அதற்கு அரை ஸ்வரம் மேலான ஒன்றரைக் கட்டையைத் தொடப் பார்க்கும். குரல் மெலிந்து, தாளம் அவசரப்படும். ‘அந்தக் காலத்தில் எல்லாரும் கீச்சுக்குரலில் பாடினார்கள்’ என்ற பேச்சுக்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். இதைத் திருத்த, ஆடாசிட்டி மென்பொருளில் வேகத்தை 0.96 மடங்காக மாற்றினால் போதும். டெம்போவை மட்டும் மாற்றும் வசதியைத் தொடக்கூடாது. அதில் காலம் நீளும், சுருதி இறங்காது.

அடுத்தது படத்தின் அகலம். 1950களின் படங்கள் கிட்டத்தட்ட 4:3 அளவில், அதாவது அகலம் நாலு பங்கு என்றால் உயரம் மூன்று பங்காக, எடுத்தவை. அதை 16:9 திரை நிரம்ப இழுத்தால் முகத்தின் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கடிகாரமோ வண்டிச்சக்கரமோ வரும் காட்சியைப் பாருங்கள், வட்டம் முட்டையாகத் தெரிந்தால் இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இழுக்காமல் மேலும் கீழும் நறுக்கி நிரப்புவது இதைவிடக் கொடுமை. உயரத்தில் கால்வாசி போய்விடும். நாட்டியக் காட்சியில் ஆடுபவரின் பாதமே தெரியாது, சலங்கைச் சத்தம் மட்டும் கேட்கும். இழுத்ததை டி.வி.யின் பிக்சர் சைஸில் 4:3 வைத்துச் சரிசெய்துகொள்ளலாம், நறுக்கியதை மீட்க முடியாது. 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’தான் தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம். 2.35:1 அளவில் எடுத்த ஸ்கோப் படத்தைப் பழைய டி.வி.க்காக 4:3ஆக நறுக்கினால் அகலத்தில் 43 சதவீதம் காணாமல் போகும். இரு ஓரமும் நின்று பேசும் இருவரில் ஒருவராவது மறைந்துவிடுவார்.

பாட்டில் வேறு சிக்கல். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் (78 ஆர்.பி.எம்.) பத்து அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றேகால் நிமிடம்தான் கொள்ளும். நீண்ட பாட்டு என்றால் ஒரு சரணத்தை விட்டுவிட்டுப் பதிவார்கள், அல்லது இரு பக்கமாகப் பிரிப்பார்கள். அதனால் ‘அந்த மூன்றாவது சரணம்’ என்று ஒருவர் எழுதும்போது, அது படத்தில் மட்டும் இருப்பதா, தட்டிலும் உண்டா என்று சொல்ல வேண்டும். மோனோவில், அதாவது இரு காதிலும் ஒரே ஒலி வரும்படி, பதிந்த பாட்டுக்கு ஸ்டீரியோ என்று பெயர் ஒட்டி வருவதும் உண்டு. ஹெட்போனில் கேளுங்கள். குரல் நடுவில் நிற்காமல் ஒரு காதில் சுரீரென்றும் மறு காதில் மந்தமாகவும் வந்தால் அது பிற்பாடு செய்த வேலை. இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ (1986) போன்ற தொகுப்புகளை ஷஃபிளில் (வரிசையைக் கலைத்து) போட்டுக் கேட்டுவிட்டுக் கருத்து எழுதுவதும் நியாயமில்லை. வரிசையும் அந்த இசையில் ஒரு பகுதி.

புத்தகத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம், 293 அத்தியாயம்; பாகவாரியாக 57, 53, 46, 46, 91. வாங்குமுன் பொருளடக்கத்தில் கடைசி அத்தியாய எண்ணைப் பாருங்கள், சுருக்கப் பதிப்பா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். கல்கி 1954இல் மறைந்தார். பதிப்புரிமை இன்று யாருக்கும் இல்லை என்பதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், மலிவாகவும் கிடைக்கிறது. ஆனால் மெய்ப்புப் பார்க்காத பதிப்பில் ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக நிற்கும், துணைக்கால் ‘ர’வாகும், செய்யுள் வரிகள் உரைநடையோடு ஒட்டிக்கொள்ளும். நாலு பக்கம் புரட்டினால் கண்ணில் படும். புதுமைப்பித்தன் கதைகளுக்கு ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த செம்பதிப்பைத்தான் (மூலங்களோடு ஒப்பிட்டுத் திருத்திய பதிப்பு) பரிந்துரைப்பேன். கதை முதலில் எங்கே எப்போது வந்தது, மூலத்தின் வாசகம் எங்கே மாறியது என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

ஆகவே, படம் என்றால் எத்தனை நிமிடப் பிரதி, எங்கே பார்த்தது. பாட்டு என்றால் தட்டா, கேசட்டா, படத்தில் உள்ளதா. நூல் என்றால் பதிப்பகமும் பதிப்பு ஆண்டும். ஒவ்வொரு பரிந்துரையின் கீழும் இதைச் சின்ன எழுத்தில் ஒரு வரியாகத் தாங்கள் வெளியிட வேண்டும். இடம் போதவில்லை என்றால் கதைச்சுருக்கத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.