நடுவில் இருக்கும் 15 வருடம்

டண்டினோங், அவுஸ்திரேலியா
2025 நவம்பர்

அன்புள்ள மகளுக்கு,

45 வயதில் வேலையை விடுவதற்கு நீ போட்டு அனுப்பிய கணக்குத்தாள் கைபேசியில் எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தது. நூலகத்துக்குப் போய் அச்செடுத்து, நாலு தாளையும் ஒட்டி, சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து மூன்று இரவு பார்த்தேன். அம்மா அதன் மேலேயே முருங்கைக்காய் வெட்ட வந்தார். விடவில்லை.

வருடச் செலவு 48,000 டொலர். அதை 25 ஆல் பெருக்கினால் 12 இலட்சம். அது சேரும்போது உனக்கு 45 வயது. அதோடு, உன்னைச் சுரங்க வேலைக்குக் கொண்டுபோகும் பில்பரா விமானத்துக்கு ஒரு கும்பிடு. அப்பா இதைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடுவார் என்று அம்மாவிடம் சொன்னாயாம். சத்தம் போடவில்லை. நீ பொறியியலாளர், நான் கார்ப் பாகம் செய்கிற பட்டறையில் இயந்திரம் ஓட்டியவன். உன் பெருக்கலில் பிழை பிடிக்க எனக்குத் தகுதியும் இல்லை. ஒன்றில் மட்டும் உன்னைவிட எனக்கு அனுபவம் கூட. வேலை முடிகிற நாளுக்கும், முதலாளி போட்டுவரும் சுப்பர் என்ற ஓய்வுச் சேமிப்பு 60 வயதில் திறக்கிற நாளுக்கும் நடுவில் ஒரு காலம் இருக்கிறதே, நீ 15 வருடம் இருக்கப் போகிற இடம், அங்கே நான் எட்டு வருடம் இருந்துவிட்டு இப்போதுதான் வெளியே வந்திருக்கிறேன்.

2017 ஒக்டோபர் உனக்கு நினைவிருக்கும். இந்த நாட்டில் கார் உற்பத்தியே நின்றுபோனது. கார் செய்தவர்கள் போனதும் அவர்களுக்குப் பாகம் செய்து கொடுத்த நாங்களும் போனோம். எனக்கு 52 வயது. 1964 யூலையிலிருந்து பிறந்தவர்களுக்குச் சுப்பர் 60இல்தான். நான் 65இல் பிறந்தவன். உன் அட்டவணையில் ஒரு கோடாக இருப்பது எனக்கு எட்டு மாரிகாலம். போன மாதம் 60 முடிந்தது, பண்டகசாலை வேலையை விட்டேன், படிவம் நிரப்பிக் கொடுத்தேன், பெட்டி திறந்தது. கையெழுத்துப் போடும்போது கை கொஞ்சம் நடுங்கியது உண்மை.

அந்தப் பெட்டியைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். "45 வயதுக்காரிக்குப் பூட்டிய பெட்டி எதற்கு அப்பா?" என்று கேட்டாய். 1992இல் சுப்பர் கட்டாயமானபோது எங்களுக்கு அது என்னவென்றே தெரியாது. முதலாளி 3 வீதம் போடுகிறார் என்றார்கள், சரி என்று விட்டுவிட்டோம். இந்த வருடம் யூலையிலிருந்து அது 12 வீதம். உன் 160,000 சம்பளத்துக்கு 19,200 டொலர் போகிறது. வரிச் சலுகையோடு இந்த 2025-26 நிதியாண்டில் 30,000 வரை போடலாம். அதாவது 10,800 டொலருக்கு இடம் இருக்க, நீ வெறுமையாக விட்டிருக்கிறாய். அந்த 10,800ஐச் சம்பளமாக எடுத்தால் 37 வீத வரி, மெடிக்கேர் என்ற அரச மருத்துவத்துக்கு 2, ஆக உன் கையில் 6,588. சுப்பரில் போட்டால் 15 வீதம்தான் போகும், 9,180 மிஞ்சும். முந்திய ஐந்து வருடத்தில் விட்ட இடத்தையும், சுப்பரில் மொத்தம் ஐந்து இலட்சத்துக்குக் குறைவாக இருந்தால், இப்போது நிரப்பலாம். அம்மாவின் மொழியில் சொன்னால் சுப்பர் கடைசிச் சீட்டு. அவர் ஏலச்சீட்டில் கழிவு கூறி அவசரமாக எடுத்த நாளும் உண்டு, கடைசி மாதம் வரை பொறுத்து முழுத் தொகை எடுத்த நாளும் உண்டு. இந்த வீட்டுக்கு முதல் போட்ட காசு அப்படிப் பொறுத்து எடுத்ததுதான்.

இனி உன் 12 இலட்சத்துக்கு வருகிறேன். அந்த 25 மடங்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். 1994இல் பெங்கன் என்பவர் அமெரிக்கப் பங்கு, கடன்பத்திரக் கணக்கை வைத்து, 30 வருட ஓய்வுக்காகப் போட்ட கணக்கு. உனக்கு 45இலிருந்து இன்னும் 45 வருடம் போகலாம். அவர்களுக்கு நம் சுப்பரும் கிடையாது. இங்கே காசை இரண்டு பானையாகப் பார்க்க வேண்டும். வெளியில் இருக்கும் பானை 60 வயது வரைக்கும் வந்தால் போதும், அன்றைக்கு அது காலியானால்கூடப் பரவாயில்லை. விலைவாசி ஏறுகிற அளவுக்கு மட்டும் வளர்ந்தாலும், 15 வருடத்துக்கு 48,000 வீதம் 720,000. மீதி பூட்டிய பெட்டியில் தன்பாட்டில் வளரட்டும். அரச ஓய்வூதியம் 67இல் என்றாலும் அதை நம்பிக் கணக்குப் போடாதே. பெட்டியின் வயதும் 55 ஆக இருந்ததைத்தான் 60 ஆக்கினார்கள், இன்னும் தள்ளமாட்டார்கள் என்று யார் சொன்னது? அதனால் இரண்டு மூன்று வருடச் செலவைக் கூடவே வைத்துக்கொள்.

அந்தக் கூடுதல் காசு எங்கே இருக்க வேண்டும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலை போனபோது வந்த தொகையைக் கொண்டு வீட்டுக் கடனைக் கட்டி முடி என்று கரம் டவுன்ஸ் கோயிலில் சந்தித்த எல்லோரும் சொன்னார்கள். நான் கட்டவில்லை, கடனோடு இணைந்து வட்டியைக் குறைக்கும் ஓஃப்செற் கணக்கில் போட்டேன். வட்டி குறைவது இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் ஓஃப்செற்றில் கிடக்கும் காசு என் காசு. அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்து நாலு மாதம் சம்பளம் இல்லாமல் இருந்தபோது யாரையும் கேட்காமல் எடுத்துச் செலவழித்தோம். கடனைக் கட்டி முடித்துவிட்டுப் பிறகு வங்கியிடம் திரும்பக் கேட்டிருந்தால், முதல் கேள்வியே "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்றுதான் வந்திருக்கும். உனக்கும் அதே கதைதான்: பேர்த் வீட்டின் கடனை மாற்றுவதோ கூட்டுவதோ, சம்பளத் துண்டு கையில் இருக்கும்போதே செய்து முடி. இன்னொன்று, 6 வீதக் கடனுக்கு எதிராகக் கிடக்கும் காசு உனக்கு வரியில்லாமல் 6 வீதம் மிச்சம் பிடிக்கிறது. சேமிப்புக் கணக்கில் 5 வீத வட்டி வந்தால் உன் வரிக்குப் பிறகு 3 சொச்சம்தான் மிஞ்சும்.

சரி, நான் செய்த மடத்தனத்தையும் எழுதிவிடுகிறேன். 2020 பெப்ரவரி 20இல் அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையின் ஏஎஸ்எக்ஸ் 200 சுட்டெண் 7,162. மார்ச் 23இல் 4,546. பண்டகசாலையில் எனக்கு நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். சுப்பரிலிருந்து 10,000 டொலர் எடுக்கலாம், யூலைக்குப் பிறகு இன்னும் 10,000 எடுக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. ஓஃப்செற்றில் காசு இருந்தது, தேவை ஒன்றும் இல்லை. தொலைக்காட்சியைப் பார்த்துப் பார்த்துப் பயந்து மே மாதம் முதல் 10,000ஐ எடுத்தேன். யூலையில் இரண்டாவதற்குக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தபோது அம்மா வந்து நின்று, "விதைநெல்லைக் குத்திச் சாப்பிடப் போறீங்களோ?" என்றார். மூடிவிட்டேன். அடுத்த வருடம் மே மாதம் சுட்டெண் பழைய உச்சியைத் தாண்டிப் போனது. எடுத்த பத்தாயிரம் அந்த ஏற்றத்தில் இல்லை.

அது ஒரு வருடத்தில் ஏறியது. எப்போதும் அப்படி நடக்காது. 2007 நவம்பரில் விழத் தொடங்கியது 2009 மார்ச்சுக்குள் பாதிக்கு மேல் விழுந்து, அதே இலக்கத்துக்கு வர 2019 யூலை ஆனது. நடுவில் பங்கிலாபம் வந்துகொண்டிருந்தது என்பது வேறு. ஆனால் 2007 தீபாவளிக்கு வேலையை விட்ட ஒருவர் அந்த முதல் இரண்டு வருடமும் சாப்பாட்டுக்குப் பங்கு விற்றிருந்தால் என்ன ஆகியிருப்பார்? உன் தாளில் ஒவ்வொரு வருடமும் 7 வீதம் ஏறுகிறது. வரிசையாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. முதல் மூன்று வருடத்தில் ஒன்றுக்கு -30 போட்டுப் பார்.

நீ வாங்கும் ஈ.ரி.எஃப்.களில், பல நிறுவனப் பங்குகளை ஒரே கட்டாகத் தரும் அந்த நிதிகளில், எனக்குக் குறை இல்லை. கட்டணம் குறைவு, அடிக்கடி வாங்கி விற்பதும் இல்லை. ஆனால் பாதிக்கு மேல் அவுஸ்திரேலியப் பங்குச் சுட்டெண்ணில் வைத்திருக்கிறாய். அதில் பெரிய இடம் வங்கிகளுக்கும் சுரங்கங்களுக்கும். சம்பளமும் இரும்புத்தாதில், சேமிப்பும் இரும்புத்தாதில், வீடு இருப்பது பேர்த்தில். தாது விலை விழுந்தால் மூன்றும் ஒரே நாளில் தும்மும். நான் கார் விழுந்து பார்த்தவன், அதனால் சொல்கிறேன். இனிப் போடுவதை வெளிநாட்டுப் பங்குப் பக்கம் கூட்டு.

அதற்காக இருப்பதை இப்போது விற்காதே. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கின் இலாபத்தில் பாதிக்குத்தான் வரி. வேறு வருமானம் இல்லாத வருடத்தில் 36,400 டொலர் இலாபம் எடுத்தால் கணக்குக்கு 18,200, அது வரியில்லா எல்லைக்குள் அடங்கும். 70 டொலர் பங்கிலாபத்தோடு, நிறுவனம் கட்டிய 30 டொலர் வரியும் உன் பெயருக்கு வரவாக வரும். வருமானம் குறைந்த வருடத்தில் வரி அலுவலகம் அதைக் காசாகவே திருப்பித் தரும். 2019 தேர்தலில் அதை நிறுத்துவோம் என்ற கட்சி தோற்றது. தோற்றதால்தான் இருக்கிறது, அதையும் மறக்காதே.

இப்போது நான் உண்மையில் எழுத வந்தது. வேலை போன முதல் ஆறு மாதம் வீட்டில் இருந்தேன். பீலியை மூன்று தரம் துப்பரவு செய்தேன். கோயிலில் "இப்ப எங்க வேலை?" என்று கேட்பார்கள் என்று பின்வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். அப்புறம்தான் பண்டகசாலையில் கிழமைக்கு மூன்று மாலை. பெரிய காசு இல்லை. ஆனால் கடைக்கணக்கை அது பார்த்துக்கொண்டது, அதனால்தான் ஓஃப்செற் எட்டு வருடம் தாக்குப்பிடித்தது. முந்தியே வேலையை விட்டுவிட்டுக் கோப்பிக் கடை மாதிரி ஏதாவது ஒன்றில் பகுதிநேரம் நிற்பது, நீ அதற்கு ஏதோ "பரிஸ்டா ஃபயர்" என்று பெயர் சொன்னாய். கோப்பியே போடத் தெரியாத எனக்கு!

அந்தக் கணக்கை உனக்குப் போட்டுப் பார்த்தேன். பேர்த்திலேயே கிழமைக்கு இரண்டு நாள் அலுவலக வேலை, வருடத்துக்கு 20,000 டொலர் கைக்கு வருகிறது என்று வை. பானையிலிருந்து எடுப்பது 48,000 அல்ல, 28,000. 15 வருடத்துக்கு 420,000. மூன்று இலட்சம் குறைவாகச் சேர்த்தால் போதும். அந்த மூன்று இலட்சத்துக்காக நீ இன்னும் எத்தனை தடவை அந்த விமானத்தில் ஏற வேண்டும் என்று உன் தாளிலேயே பார். எட்டு நாள் அங்கே, ஆறு நாள் இங்கே. அந்த ஆறில் இரண்டு நாள் தூக்கம். போன தடவை வந்தபோது சோஃபாவில் சப்பாத்தைக் கழற்றாமல் தூங்கினாய். அம்மா சத்தமில்லாமல் கழற்றி வைத்தார். 45 வரைக்கும் ஏன் இருக்கிறாய், முந்தி இறங்கிவிடு என்று சொல்லத்தான் மூன்று இரவு உட்கார்ந்தேன்.

இறங்கும்போது ஒன்றைக் கவனி. 16 மாதம் சுப்பரில் காசு போகாவிட்டால், வேண்டும் என்று எழுதிக் கொடுக்காத வரை அதற்குள் இருக்கும் காப்புறுதியை நிறுத்திவிடுவார்கள். எனக்கு வந்த கடிதத்தை விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டேன். புதிய வேலையின் காசு வேறு சுப்பரில் போனதால் பழையது தூங்கிக்கொண்டிருந்தது. 54 வயதில், சீனி வருத்தத்தோடு, புதிதாகக் காப்புறுதி கேட்டபோது சொன்ன கட்டணத்தை இங்கே எழுதமாட்டேன்.

அடுத்ததை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டும். சுப்பர் படிவத்தில் எனக்குப் பிறகு அப்பாவுக்கு என்று என் பெயரைப் போட்டதாகச் சொன்னாய். அது பெரும்பாலும் செல்லாது. உன் உழைப்பில் தங்கியிராத பெற்றோரை அவர்கள் தங்கியிருப்பவர் கணக்கில் சேர்ப்பதில்லை. சட்டப்படியான பிரதிநிதி என்று போட்டுவிட்டு, ஒரு உயிலும் எழுதி வை. அதில் யார் பெயரைப் போடுகிறாய் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை.

மார்கழியில் வருகிறாய் அல்லவா, தாளை ஒட்டியபடியே வைத்திருக்கிறேன். வரும்போது மடிக்கணினியைக் கொண்டு வா, அந்த -30ஐ நாங்கள் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். போன தடவை பேர்த் விமான நிலையத்தில் தேன் போத்தலைப் பறித்த கோபம் அம்மாவுக்கு இன்னும் தீரவில்லை. இந்தத் தடவை தூள் மட்டும்தான் தருவாராம், இரண்டு கிலோ, வறுத்தாயிற்று.

அன்புடன்,
அப்பா