காய்ச்சல் விட்ட பிறகு அம்மாவைக் காப்பாற்றியவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கும் தம்பிக்கும் ஒரே நேரத்தில் டெங்கு வந்தபோது அத்தனை பேர் துணைக்கு நின்றீர்கள், தனித்தனியாகச் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். இருவரும் இப்போது நலம்.

முதலில் எங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியர் அக்காவுக்கு. காய்ச்சல் விட்டாலும் வாந்தி நிற்கவில்லை, வயிறு வலிக்கிறது, ஈறில் ரத்தம், ஆள் சோர்ந்து சோர்ந்து படுக்கிறார் என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள் என்று வீட்டுக்கே வந்து சொன்னவர் அவர்தான். அம்மாவுக்கு ஜுரம் இறங்கிய அன்றே வயிற்று வலியும் வாந்தியும் பிடித்துக்கொண்டது, கிளம்பிவிட்டோம்.

அப்புறம் அரசு மருத்துவமனை டாக்டர். தம்பிக்கு பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) 62 ஆயிரம், அம்மாவுக்கு 95 ஆயிரம். நாங்கள் தம்பிக்குத்தான் பெட் கேட்டோம். அவரோ அம்மாவைச் சேர்த்துக்கொண்டு, தினமும் வந்து ரத்தம் பார்க்கச் சொல்லித் தம்பியை வீட்டுக்கு அனுப்பினார். அவ்வளவு கூட்டத்திலும் காரணத்தைப் பொறுமையாகச் சொன்னார். அம்மாவுக்கு பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 36-லிருந்து 44-க்கு ஏறியிருந்தது, அதாவது ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகிறது, மேல் பிரஷருக்கும் கீழ் பிரஷருக்கும் இடைவெளி சுருங்குகிறது. தம்பி சாப்பிடுகிறான், ஒழுங்காக யூரின் போகிறான், பிசிவி அசையவில்லை. பிளேட்லெட்டை மட்டும் வைத்து முடிவு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

வார்டு சிஸ்டர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. சலைன் பாட்டிலில் பிளாஸ்டர் ஒட்டி நேரம் எழுதி, ராத்திரி முழுக்க பிரஷர் பார்த்து, யூரினை அளந்து, அதற்கேற்ப டிரிப்பைக் கூட்டிக் குறைத்தார்கள். டிரிப் குறைந்தால் பிரஷர் விழுந்து ஷாக் நிலைக்குப் போய்விடும், கூடினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், அத்தனை நுணுக்கமான வேலை அது. பிசிவி ரிசல்ட்டை உடனுக்குடன் வார்டுக்குப் போனில் சொன்ன லேப் தம்பிக்கும் நன்றி.

உடம்பு வலிக்கு மாத்திரை கேட்டபோது, டெங்குவாக இருந்தால் வலி மாத்திரையால் ரத்தக்கசிவு வரலாம், பாராசிட்டமால் தவிர எதுவும் தர மாட்டேன் என்று மறுத்த மெடிக்கல் அண்ணனுக்கும் நன்றி. பிளேட்லெட் கொடுக்கத் தயாராக வந்து நின்ற நண்பர்களே, ரத்தக்கசிவு இல்லாததால் ஏற்றத் தேவைப்படவில்லை, ஆனாலும் நீங்கள் வந்ததை மறக்க மாட்டோம். கஞ்சியும் இளநீரும் கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு அத்தைக்கு அம்மா நேரிலேயே வந்து சொல்வதாக இருக்கிறார்.