நீர்புகா உருளைக்குள் நீர் புகுவது குறித்து – மூன்றாவது புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

ரேடியோ கன்ட்ரோல் நீர்மூழ்கி மாடலுக்காக உங்களிடம் வாங்கிய நீர்புகா உருளை பற்றி நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் கடிதத்துக்கு, "ஓ-ரிங்கில் (மூடியைச் சுற்றி நீரைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கிரீஸ் தடவிப் பாருங்கள்" என்றீர்கள். இரண்டாவதற்கு, "அதிக ஆழத்தில் இறக்கியிருப்பீர்கள்" என்று பதில் வந்தது. நான் இறக்கியது தண்ணீர்த் தொட்டியில். ஆழம் 30 சென்டிமீட்டர். உங்கள் அட்டைப்பெட்டியில் 10 மீட்டர் என்று அச்சிட்டிருக்கிறீர்கள்.

நான் செய்துகொண்டிருப்பது இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மானிய நீர்மூழ்கியான டைப் 7சி. நிஜக் கப்பலின் நீளம் 67.1 மீட்டர், 1:48 அளவில் என்னுடையது 1.4 மீட்டர். அச்செடுத்து வார்த்த ஃபைபர் உடல், கோபுரம், சுக்கான், மூழ்கவும் எழவும் சாய்க்கும் டைவ் பிளேன் எல்லாம் நானே செய்தவை. பேட்டரியும் ரிசீவரும் இருக்கப்போகும் உருளையை மட்டும், நம் கைவேலையில் ஒரு சொட்டு கசிந்தாலும் எல்லாம் போச்சே என்று பயந்து, காசு கொடுத்து வாங்கினேன்.

நல்லவேளை, எலக்ட்ரானிக்ஸ் எதையும் வைக்காமல் இரு முனையிலும் டிஷ்யூ காகிதம் சுருட்டி வைத்துத்தான் முதலில் மூழ்கடித்தேன். இருபது நிமிடம் கழித்துத் திறந்தால் முன்பக்கக் காகிதம் மொரமொரவென்று இருக்கிறது, பின்பக்கக் காகிதம் கூழாகிவிட்டது. புரொப்பல்லர் தண்டு சீலில்தான் கோளாறோ என்று சந்தேகப்பட்டு, சிரிஞ்சால் உள்ளே லேசாகக் காற்றேற்றி மறுபடி அமுக்கினேன். தண்டுப் பக்கம் ஒரு குமிழிகூட இல்லை. பின்மூடியின் விளிம்பிலிருந்து கடுகு கடுகாகக் கிளம்பின.

வெர்னியர் வைத்து அளந்தேன். ஓ-ரிங்கின் தடிமன் 3 மி.மீ. மூடிக்கும் அக்ரிலிக் குழாய்க்கும் நடுவே இடைவெளி 0.1 மி.மீ. முன்மூடியில் ரிங் உட்காரும் காடியின் (பள்ளத்தின்) ஆழம் 2.3 மி.மீ.; ரிங் 0.6 மி.மீ. நசுங்குகிறது, அதாவது 20 சதவீதம். சரியான வேலை. பின்மூடியில் காடி 2.82 மி.மீ. ரிங் நசுங்குவது வெறும் 0.08 மி.மீ. ரிங் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறது. இதற்கு எத்தனை டப்பா கிரீஸ் தடவி என்ன பயன்? கிரீஸ் ரிங் வழுக்கி உட்காருவதற்கு, ஓட்டையை அடைப்பதற்கல்ல.

ஆழத்தில் சோதித்தபோது கசியவில்லை என்கிறீர்களே, அது உண்மையாகவே இருக்கலாம். அழுத்தம் கூடும்போது தண்ணீரே ரிங்கைக் காடியின் ஓரத்தில் தள்ளி அடைத்துவிடும். என் மாடல் ஓடப்போவது ஒரு மீட்டர் ஆழத்துக்குள். அங்கே கூடுதல் அழுத்தம் சுமார் 0.1 பார்தான். ரிங் முன்கூட்டியே நசுங்கியிருந்தால்தான் அங்கே அடைக்கும்.

"சிலிகான் பசை போட்டு ஒட்டிவிடுங்கள்" என்றார் தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர். ஒட்டிவிட்டால் பேட்டரியை எந்த வழியாக வெளியே எடுத்து சார்ஜ் செய்வது என்று கேட்டேன். "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்றவர் பிறகு அழைக்கவே இல்லை.

முழு உருளையையும் பிரிக்காத பெட்டியோடு திருப்பி அனுப்பச் சொல்வதை ஏற்க முடியாது. பெட்டியைப் பிரிக்காமல் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது? உருளையின் அளவுக்கே உடலுக்குள் தாங்கிகளை ஒட்டி, தண்டை நேர்கோட்டில் நிறுத்தியிருக்கிறேன். இப்போது பிடுங்கினால் அத்தனையும் முதலிலிருந்து.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு பின்மூடி, காடி 2.3 மி.மீ. ஆழத்தில் கடைந்தது, உங்கள் செலவில். அனுப்புமுன் அளந்து, அளவை எழுதி உடன் வையுங்கள். பதினைந்து நாளில் வராவிட்டால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். இதே தொகுப்பில் வாங்கிய மற்றவர்களுக்கும் உடனே தகவல் சொல்லுங்கள்; எல்லோரும் முதலில் டிஷ்யூ வைத்துப் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது.

இரு மூடிகளையும் அளக்கும் படங்கள், வாங்கிய ரசீது, உங்கள் இரு பதில்களின் நகல் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்