ஃபாரத்துல கேட்ட வரலாறு

பாப்பா,

நல்லா இருக்கியா, மெல்பர்ன்ல குளிரு குறைஞ்சுதா. நீ அனுப்புன ஃபாரத்த நேத்து ராத்திரி அப்பா கண்ணாடிய மாட்டிக்கிட்டு போன்ல பெருசு பண்ணி பெருசு பண்ணி படிச்சேன். உன் கம்பெனில நம்ம சங்கத்துக்கு உதவிப் பணம் குடுக்கிறாங்கன்னா நல்லதுதான், பாலர் வகுப்புக் கூரை ஒழுகுது, ரெண்டு ஃபேன் ஓடவே மாட்டேங்குது. ஆனா மொத மூணு கேள்விக்கே எனக்கு பதில் வரலம்மா. சங்கம் எப்ப ஆரம்பிச்சது, யாரு ஆரம்பிச்சது, நோக்கம் என்ன. ரெஜிஸ்டர் பண்ண வருஷம் ஃபைல்ல இருக்கு, போட்டுடலாம், ஆனா அது பேப்பர் வந்த வருஷம், அவ்ளோதான்.

ஆரம்பிச்சது ரப்பர் எஸ்டேட்ல வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள பாத்துக்குற ஆயாக்கொட்டாய்லதான். உனக்கு அப்ப ஒன்றரை வயசு. விடிகாலைல ஆளுங்க பேரு கூப்புடுற பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இருட்டுல ஒன்ன துண்டுல சுத்தித் தூக்கிட்டுப் போயி ஆயா கையில குடுத்துட்டு ஓடுவேன். உத்திரத்துல வரிசையா சேலைத் தொட்டிலு தொங்கும், ஆயா ஒரு தொட்டில கையால ஆட்டிக்கிட்டே இன்னொன்ன காலால தள்ளி விடுவாங்க. வெட்டுன ரப்பர் பால எடை போட்டுட்டு, தோள்ல காவுற காண்டா வாளிய கழுவி வெச்சுட்டு நான் வரும்போது மதியம் தாண்டிடும்.

அப்புறம்தான் பால்மரத்த சாய்ச்சுட்டு செம்பனை, அதான் எண்ணெய்ப் பனை, போட ஆரம்பிச்சாங்க. செம்பனைக்கு ஆளு கம்மி போதும், பொம்பளைங்கள களைக்கொல்லி மருந்தடிக்க அனுப்பிட்டாங்க. பாராகுவாட்டு, அந்த நீல மருந்து, முதுகுல டின்ன மாட்டிக்கிட்டு அடிப்போம், கையுறைகூட கிடையாது. அத மலேசியாவுல 2020லதான் தடை பண்ணாங்க, எங்க நகமெல்லாம் போனதுக்கப்புறம். ஆயா படிக்காதவங்கதான், ஆனா குளிச்சு சேலை மாத்தாம வந்தா புள்ளைய தர மாட்டாங்க, வாசல்லயே வாளித் தண்ணி வெச்சிருப்பாங்க. எந்த மேனேஜரும் எங்களுக்கு அத சொல்லல.

ஒருநாள் புள்ளைங்க எண்ணிக்கை பத்தலன்னு ஆயா சம்பளத்த நிறுத்திட்டாங்க, கொட்டாய்ல உர மூட்டைய அடுக்கிட்டாங்க. மறுநாள் காலைல நாங்க ஒன்பது பேரு புள்ளைங்களோட அங்க நிக்கிறோம், கதவு பூட்டியிருக்கு. ஆயா ஒண்ணுமே பேசல, தொட்டில் சேலைங்கள கழட்டி வெச்சிருந்தாங்க, அத இடுப்புல சுருட்டிக்கிட்டு, வாங்கடின்னு தன்னோட லயத்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஆரம்பிச்ச தேதி வேணும்னா அந்த நாள்தான், தேதி எனக்கு ஞாபகமில்ல.

ஆயாவுக்காக வீட்டுக்கு மாசம் மூணு வெள்ளி (ரிங்கிட்)னு மைலோ டின்ல சேத்தோம். இது எங்களுக்குப் புதுசில்ல, தாத்தாவே பாத்தவருதான். வெள்ளக்காரன் எஸ்டேட்டுங்கள துண்டு துண்டா வித்துட்டுப் போன காலத்துல நம்ம சுங்கை சிப்புட்காரரு, அப்ப மந்திரியா இருந்த துன் சம்பந்தன் எஸ்டேட் எஸ்டேட்டா போயி பத்து பத்து வெள்ளியா சேத்து 1960ல தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சாரே, கெடாவுல புக்கிட் சிடிம் எஸ்டேட்டையே மொதல்ல வாங்குனாங்களே, அதுல தாத்தாவும் பங்கு போட்டவரு. பால் வெட்டுறவன் காசுல ஒரு எஸ்டேட்டே வாங்கலாம்னா ஒரு ஆயாவ வெச்சுக்க முடியாதா, இதான் தாத்தா சொன்னது.

கணக்கு எப்படின்னு கேட்டிருக்கு பாரு ஃபாரத்துல, சிரிச்சுட்டேன். ஆயாவுக்கு எழுத்து தெரியாது, கதவுக்குப் பின்னாடி சுவத்துல ஒவ்வொரு வீட்டுக்கும் கரியால ஒரு படம், நம்ம வீட்டுக்கு வாளி, கணக்கு எழுதுற கிராணி வீட்டுக்கு மூக்குக் கண்ணாடி, எதுத்த வீட்டுக்கு கோழி. காசு குடுத்தா பக்கத்துல ஒரு கோடு. ஒரு தடவ உனக்கு பள்ளிக்கூட சப்பாத்து வாங்க அந்த டின்லருந்து பன்னெண்டு வெள்ளி நான் எடுத்தேன், கேட்டுதான் எடுத்தேன், திருப்பிக் குடுக்க ரெண்டு மாசமாச்சு, அதுவரைக்கும் வாளிய சுத்தி ஒரு வட்டம் போட்டு வெச்சிருந்தாங்க, வர்றவ போறவ எல்லாம் பாக்குற மாதிரி. எவ்ளோ கோவம் வந்துச்சு தெரியுமா எனக்கு.

எஸ்டேட்ட விட்டு காலி பண்ணச் சொன்னப்புறம் எல்லாரும் டவுன் பக்கம் வந்தோம், தொட்டில்ல இருந்ததுங்க எல்லாம் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சதால அது டியூசன் ஆச்சு. கோலாலம்பூர்ல படிச்சவங்க சேந்து 1979லயே ஈடபிள்யூஆர்எஃப்னு ஒரு கல்வி அமைப்பும் 1982ல ஸ்ரீ முருகன் நிலையம்னு ஒரு டியூசன் மையமும் ஆரம்பிச்சிருந்தாங்க, அங்க யுனிவர்சிட்டி ஆளுங்க, இங்க மூணாங்கிளாஸோட நின்ன நாங்க. வாய்ப்பாடு மட்டும் சத்தமா சொல்ல வைப்போம், மத்தத டீச்சருங்க யாராவது சனிக்கிழம வந்து பாப்பாங்க.

அதவிட பெரிய வேலை சூராட் பெரானாக்கு, அதான் பிறப்புப் பத்திரம், வாங்கிக் குடுக்கிறதுதான். 2003ல ஆரம்பப் பள்ளிய கட்டாயமாக்கிட்டாங்க, நல்ல சட்டம்தான், ஆனா கையில பேப்பர் இல்லாத புள்ள எங்க போகும்? ஒரு பையன், ஒன்பது வயசு, ஒருநாள்கூட பள்ளிக்கூடம் போனதில்ல. அப்பன் ஆத்தா கோயில்ல தாலி கட்டுனதோட சரி, பதிவு பண்ணல, அப்படின்னா புள்ளைக்கு ஆத்தாவோட குடியுரிமையத்தான் பாப்பாங்க, ஆத்தாளுக்கே சூராட் கிடையாது. ஆபீசு ஆபீசா நடந்தோம், ஒரு கவுண்டர்ல ஒரு பேப்பர் கேப்பாங்க, அத வாங்கிட்டுப் போனா வேற ஒண்ணு. அவன் லயத்துல பொறந்தப்ப கூட இருந்தது ஆயா, அவங்கதான் சாட்சி. கவுண்டர்ல இருந்தவரு ஆயாவோட சிவப்பு ஐசிய, அதான் குடியுரிமை இல்லாதவங்களுக்குக் குடுக்குற நிரந்தரவாசி அடையாள அட்டைய, ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பி பாத்தாரு. இந்த மண்ணுல பொறந்து, பெரட்டுல நின்னு, முப்பது நாப்பது புள்ளைங்கள வளத்தவங்க, கடைசி வரைக்கும் சிவப்பு ஐசிதான். அந்தப் பையனுக்கு பேப்பர் வர நாலு வருஷமாச்சு. இப்ப ஈப்போல லாரி ஓட்டுறான், தீபாவளிக்கு முறுக்கு டின்னோட வருவான்.

சங்கத்த ரெஜிஸ்டர் பண்றப்ப ஆயா பேர மொதல்ல போடலாம்னு நான்தான் சொன்னேன். வேணாம்டி, சிவப்பு ஐசிக்காரி பேரு எதுக்கு, நாளைக்கு எதாவது சிக்கல் வரும்னு அவங்களே தடுத்துட்டாங்க. நாங்களும் சரின்னு விட்டுட்டோம். அதனால ஃபைல்ல மொத பேரு கோயில் தலைவரோடது, பாவம் அவரு ரெண்டு மீட்டிங்குக்குதான் வந்தாரு.

நோக்கம்ங்கிற கட்டத்துல நீயே இங்கிலீஷ்ல அழகா ஏதாவது எழுதிடு. ஆரம்பிச்சது யாருன்ற கட்டத்த மட்டும் இப்ப தொடாத. எனக்கும் ஆயான்னுதான் தெரியும், ஊரே அப்படித்தான் கூப்புடும். ஐசில என்ன பேரு இருந்துச்சுன்னு அவங்க பேரன்கிட்ட நாளைக்கு கேட்டு வாட்ஸ்அப்ல அனுப்புறேன், அதுக்குள்ள ஃபாரத்த அனுப்பிடாதம்மா.

அம்மா