ஸ்டார்ட் ஆகாத பழைய டிராக்டர்: பம்ப்பைக் கழற்றும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆடி உழவு நெருங்கினால் வாழப்பாடி, ஓமலூர், ஏற்காடு என்று நாலு பக்கமிருந்தும் எங்கள் சேலம் பட்டறைக்கு ஒரே புகார்தான் வரும்: “கோடை முழுக்க வண்டி சும்மா நின்றது, இப்போது எடுக்க மாட்டேன் என்கிறது, பம்ப் போய்விட்டது.” பெரும்பாலும் பம்ப் போயிருக்காது. டீசல் பம்ப்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றுவது செலவு பிடித்த வேலை. அதைக் கடைசிக்கு வையுங்கள்.

முதலில், எஞ்சினை அணைக்க இழுக்கும் ஸ்டாப் குமிழைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். குமிழை உள்ளே தள்ளிவிட்டோம் என்று நாம் நினைப்போம். உறைக்குள் கம்பி துருப்பிடித்து, பம்ப்பில் இருக்கும் லீவர் ஸ்டாப்பிலேயே நின்றிருக்கும். ஒருவர் குமிழைத் தள்ளி இழுக்க, இன்னொருவர் பம்ப் பக்கம் நின்று லீவர் முழுதாகத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பவில்லை என்றால் கேபிளை மாற்றினால் போதும்.

அடுத்தது, செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) எப்படிச் சுற்றுகிறது என்பது. டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. உள்ளே வரும் காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றினால் அந்தச் சூடு வராது. எனவே “சுற்றுகிறது, ஆனால் எடுக்கவில்லை” என்பதிலும் பாதி நேரம் குற்றவாளி பேட்டரிதான். நன்றாக சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி, சும்மா இருக்கும்போது மீட்டரில் 12.6 காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைத் தனியாக சார்ஜ் போட்டு மறுபடி பாருங்கள்.

மீட்டர் இல்லையா? ஐந்து விநாடி செல்ஃப் அடித்துவிட்டு, சாவியை அணைத்து, இரண்டு டெர்மினல், எர்த் ஒயர் சேஸிஸில் பிடிக்கும் போல்ட், செல்ஃபில் வரும் ஒயர் என ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுப் பாருங்கள். எந்த இணைப்பு சுடுகிறதோ அங்கேதான் கோளாறு. பேட்டரி நல்லதாக இருந்தும் “டிக்” என்ற சத்தத்தோடு நிற்பதற்குப் பெரும்பாலும் எர்த் போல்ட்டின் துருவே காரணம். கழற்றி, உப்புத்தாள் போட்டு, பளபளவென்று இரும்பு தெரிந்தபின் மாட்டுங்கள். பச்சை பூத்த டெர்மினலுக்கு வெந்நீர் ஊற்றித் தேய்த்தால் போதும். சத்தமே வராவிட்டால் கியர் நியூட்ரல் சுவிட்ச்சை (கியரில் இருந்தால் செல்ஃபைத் தடுப்பது) பாருங்கள். எலி கடித்த ஒயரையும் பாருங்கள்.

ஸ்குரூடிரைவரை வைத்து செல்ஃபை ஷார்ட் பண்ணி எடுக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கியரில் இருக்கும் வண்டி எடுத்த நொடியே நகரும். பின் சக்கரத்துக்கு முன்னால் நிற்பது நீங்கள்தான்.

வேகமாகச் சுற்றியும் எடுக்கவில்லை என்றால் சைலன்சரைப் பாருங்கள். புகையே இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை என்றால் டீசல் போகிறது, பற்றவில்லை: குளிர், குறைந்த சுற்று, தேய்ந்த பிஸ்டன் ரிங் ஆகியவற்றில் ஒன்று. கரும்புகை என்றால் காற்று போதவில்லை. ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். எண்ணெயில் தூசியைப் பிடிக்கும் ஆயில் பாத் வகையில் எண்ணெய் குறியைத் தாண்டக் கூடாது.

புகை இல்லாதபோது, ஃபீட் பம்ப்புக்கு (டேங்க்கிலிருந்து டீசலை இழுத்து டீசல் பம்ப்புக்கு அனுப்பும் சிறு பம்ப்) வரும் பைப்பைக் கழற்றி டேங்க் டேப்பைத் திறங்கள். டீசல் தாராளமாக ஓட வேண்டும். சொட்டினால் டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். உடனே வேகம் பிடித்தால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பிடிக்காவிட்டால் டேங்க் சல்லடையில் மண்டி இருக்கிறது. ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் நீர்முத்துகள் உருண்டு நின்றால், முழுவதையும் வடித்துவிட்டு இரண்டு ஃபில்டரையும் மாற்றுங்கள். பாதி டேங்க்கோடு வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால் இரவுக் குளிரில் உள்சுவரில் நீர் கோத்து டீசலில் இறங்கும். அதனால் நிறுத்தும்முன் டேங்க்கை நிரப்பிவிடுங்கள்.

இனி ஏர் எடுப்பது, அதாவது டீசல் பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. முதல் ஃபில்டரின் ஏர் ஸ்குருவைத் தளர்த்தி, ஃபீட் பம்ப்பின் கை லீவரை அடித்து, குமிழி நின்று சுத்தமான டீசல் வந்ததும் அடித்துக்கொண்டே இறுக்குங்கள். பிறகு இரண்டாவது ஃபில்டர், அதன்பின் டீசல் பம்ப்பில் உள்ள ஏர் ஸ்குரு. லீவர் பிடிமானம் இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் ஃபீட் பம்ப் கெட்டதாக நினைக்க வேண்டாம். எஞ்சினுக்குள் அதை இயக்கும் கேம் அதைத் தூக்கிப் பிடித்திருக்கும், எஞ்சினை ஒரு சுற்று திருப்பினால் சரியாகும். கடைசியாக நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) பைப் நட்டுகளை அரைச்சுற்று தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுக்க வைத்து செல்ஃப் அடியுங்கள். டீசல் துடித்துத் துடித்து வந்ததும் இறுக்குங்கள். கசிகிற இடத்தில் கையையோ முகத்தையோ வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். செல்ஃபை ஒரு தடவைக்கு 15 விநாடிக்கு மேல் அடிக்காமல், நடுவே ஒரு நிமிடம் ஆற விடுங்கள். கழற்றிய இடத்தில் பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டால் ஏர் மறுபடி ஏறும்.

ஏற்காட்டு எஸ்டேட்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழிக் காலையில் வெள்ளைப் புகை வருவது இயல்பு. குளிரில் ஸ்டார்ட் செய்ய உதவும் ஹீட்டர் உள்ள வண்டியில் அதை 15, 20 விநாடி போட்டபின் செல்ஃப் அடியுங்கள். ஹீட்டர் உள்ள எஞ்சினில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, இன்லெட்டிலேயே வெடிக்கும். சரிவில் உருட்டி எடுக்கும் முன் ஆயில் குச்சியைப் பாருங்கள். அளவு ஏறியிருந்தாலோ பால்காபி நிறத்தில் இருந்தாலோ சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கலாம். உருட்டினால் கனெக்டிங் ராடு வளையும்.

இத்தனையும் பார்த்தும் எடுக்காவிட்டால் நாசிலையும் கம்ப்ரஷனையும் (சிலிண்டரில் காற்று அழுந்தும் அளவு) பார்த்துவிட்டு, அதன்பிறகே பம்ப்பில் கை வைப்போம். வரும்போது எஞ்சின் தகட்டில் உள்ள எண்ணைப் போட்டோ எடுத்து வாருங்கள். ஃபில்டர் வாங்குவதானால் பழையதையும் கொண்டு வாருங்கள். ஒரே மாடல் வண்டியிலும் இரண்டு வகை இருக்கிறது.

இப்படிக்கு,
பட்டறையினர், சேலம்