கார்த்திகையில் பெய்தது பங்குனிக்குள் வடியாது: சி.எஸ்.ஆர். அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கையாளும் அன்பர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு தொண்டு நிறுவனத்தின் புயல், வெள்ள நிவாரணப் பணிகளை முன்னின்று நடத்துகிறவள் நான். நிதி கேட்டு உங்கள் அலுவலகங்களுக்கு வருகிறவர்களில் ஒருத்தி. எதிரே உட்கார்ந்து கேட்கும்போது சொல்ல வராததை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நாள்காட்டியிலிருந்து தொடங்குகிறேன். சென்னையை மூழ்கடித்த மழை 2015 டிசம்பர் 1. கஜா கரை கடந்தது 2018 நவம்பர் 16. மிக்ஜாம் 2023 டிசம்பர் முதல் வாரம். அதே மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. மயிலத்தில் 51 செ.மீ. வருடம்தான் வேறு, எல்லாம் அந்த ஐந்து வாரத்துக்குள். உங்கள் நிதியாண்டோ மார்ச் 31-இல் முடிகிறது. ஒப்புதல் கிடைத்து, ஒப்பந்தம் போட்டு, பணம் வந்து சேரும்போது பொங்கல் கழிந்துவிடும். பிப்ரவரியில் ‘செலவுச் சான்றிதழ் எப்போது?’ என்று மின்னஞ்சல் வரும். போர்வை, வாளி, அரிசிப் பை என்பதே நிவாரணம் என்று ஆனதற்கு இதுதான் காரணம். அவற்றை ஒரே வாரத்தில் வாங்கி, கொடுத்து, பில்லை இணைத்து, கணக்கை முடித்துவிடலாம்.

முதல் வாரத்தில் அரிசியும் போர்வையும் வேண்டும், மறுக்கவில்லை. பிறகு? தண்ணீர் வடிந்ததும் ரேஷன் கடை திறந்துவிடும், அங்கே அரிசி இலவசம். தினக்கூலிக் குடும்பம் சாய்வது வேறு இடத்தில். இரண்டு மூன்று வாரம் வேலை இல்லை. தையல் மெஷினுக்குள் சேறு, தள்ளுவண்டியைக் காணோம், ஆட்டோ இன்ஜினுக்குள் தண்ணீர். மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை கேட்டு ஆள் வாசலில் நிற்பார். காதில் கிடப்பது அடகுக் கடைக்குப் போகும்; அதுவும் போதாதபோது வட்டிக்காரர் வருவார். வெள்ளம் மூன்று நாளில் வடிந்தாலும் அந்த வட்டி சித்திரையிலும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கடனுக்கு முன்னால் போய் நிற்க முடிந்தால்தான் நாங்கள் செய்வது நிவாரணம்.

கஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னை வேரோடு சாய்ந்தது. மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அதில் 500 வெட்டி அகற்றுவதற்கு. அது போதுமா என்பது தனிச் சண்டை. ஆனால் அந்தப் பணம் மரம் வைத்திருந்தவருக்கு. மரம் ஏறிக் காய் பறித்தவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்த பெண்கள், கயிறு திரித்தவர்கள் பேரில் ஒரு மரமும் இல்லை; எனவே பட்டியலில் அவர்களும் இல்லை. நெட்டைக் கன்று நட்டால் காய்க்க ஆறேழு வருடம் ஆகும். அதுவரை அவர்கள் எதைப் பறிப்பது, எதை முடைவது? பலர் திருப்பூருக்குப் பஸ் ஏறினார்கள். அதைத் தடுக்க ஐந்து கிலோ அரிசிப் பையால் ஆகியிருக்காது. ஆறு மாதம், ஒரு வருடம் குடும்பத்தின் கையில் கொஞ்சம் பணம் இருந்திருந்தால் ஆகியிருக்கும்.

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்காலம் வேலையில்லாக் காலம். 2023 டிசம்பர் வெள்ளம் வந்தது அந்தக் காலத்தின் கடைசியில், சேமிப்பெல்லாம் கரைந்த பிறகு. பாத்தியும் சேறாகிவிட்டதால் வேலை மேலும் தள்ளிப்போனது.

அடுத்தது, பயனாளிகளின் ஆவணம். மிக்ஜாமுக்குப் பிறகு அரசு 6,000 ரூபாயை ரேஷன் கடை வழியாகக் கொடுத்தது. அத்தனை பெரிய கூட்டத்துக்கு அதைவிட வேகமான வழி இல்லை. கார்டு இல்லாதவர்கள் விண்ணப்பிக்கவும் இடம் இருந்தது. என்றாலும், சொந்த ஊரில் கார்டை வைத்துவிட்டு வாடகைக்கு இருப்பவர், கல்யாணமாகியும் அப்பா கார்டிலேயே பெயர் இருக்கும் மகன், வடமாநிலத்திலிருந்து வந்த கட்டடத் தொழிலாளி போன்றவர்கள் நழுவ வாய்ப்பு அதிகம். அவர்களைத் தேடிப் போகத்தான் தொண்டு நிறுவனம். அந்த வேலைக்கு நிதி தரும் நீங்களும் சான்றாகக் கேட்பது அதே ரேஷன் கார்டு நகல்! வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரின் ஒரு கையெழுத்து, அங்கன்வாடிப் பணியாளரின் ஒரு வரி, நாங்கள் நேரில் பார்த்து எழுதும் குறிப்பு ஆகியவற்றை ஏற்க உங்கள் தணிக்கையாளருக்கு என்ன தடை?

நிவாரணத்தை மார்ச்சுக்கு அப்பால் நீட்டச் சட்டம் தடுக்கிறது என்று பலர் சொல்கிறீர்கள். சி.எஸ்.ஆர். நிதியை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று பட்டியலிடும் நிறுவனச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் 2019-இல் பேரிடர் மேலாண்மை சேர்ந்தது. நிவாரணம் மட்டுமல்ல, மறுவாழ்வு, மறுகட்டமைப்பு என்றும் அதில் இருக்கிறது. 2021-இல் திருத்திய விதிகளின்படி ஒரு பணியைத் தொடர் திட்டம் என்று உங்கள் நிர்வாகக் குழு அறிவித்தால், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டு வரை அது நீளலாம். செலவாகாத தொகையைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிட்டு மார்ச்சைத் தாண்டிப் போகலாம். பள்ளிக் கட்டடத்துக்கும் ஏரி தூர்வாரலுக்கும் இதைத் தாராளமாகவே பயன்படுத்துகிறீர்கள். வெள்ளத்துக்கு மட்டும் ஏன் கை வருவதில்லை?

நான் கேட்பது இதுதான். புயலுக்குப் பெயர் வைக்கும்வரை காத்திருக்காமல், ஆவணி, புரட்டாசியிலேயே ஒரு தொகையைத் தொடர் திட்டமாக ஒதுக்குங்கள். தண்ணீர் வந்த வாரத்தில் ஒரு பங்கு பொருளாக, மீதி மாதாமாதம் வீட்டுப் பெண்களின் வங்கிக் கணக்குக்குப் பணமாகப் போகட்டும். அதை அடகை மீட்கச் செலவழிப்பதா, மெஷினைப் பழுதுபார்க்கவா, பரீட்சைக் கட்டணத்துக்கா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். பணம் கொடுத்தால் குடித்துத் தீர்ப்பார்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் சொல்கிறார். போனஸ் வாங்கும் யாரிடமும் இந்தக் கேள்வி கேட்கப்படுவதாகத் தெரியவில்லை. வங்கிக் கணக்கு விவரம், குடும்பங்களை மறுபடி சந்தித்து எழுதிய அறிக்கை, தணிக்கை எல்லாம் தருகிறோம்.

ஒப்பந்த வரைவை நாங்களே எழுதி அனுப்பத் தயார். அரிசிப் பையோடு பேனர் முன்னால் நிற்கவைத்துப் படமெடுக்கும் பிரிவு மட்டும் அதில் இருக்காது.

இப்படிக்கு,
நிவாரணப் பணி ஒருங்கிணைப்பாளர் ஒருத்தி